தூண்டில் போட ரூல்ஸ் புக் வேணுமா? 1653-லேயே யோசிச்ச ஜவுளிக்கடைக்காரர்!

உங்க ஃபோன்ல ரீல்ஸ் தள்ளிக்கிட்டே போகும்போது இப்படி ஒரு வீடியோவை ஒரு தடவையாவது பார்த்திருப்பீங்க. இங்கிலாந்தில் ஏதோ ஒரு ஆற்றங்கரை. ஒருத்தர் ரொம்ப நேரம் போராடி ஒரு பெரிய மீனைக் கரைக்கு இழுக்கிறார். ஈரமான விரிப்பில் கிடத்துகிறார். நீளம் அளக்கிறார். ஒரு போட்டோ. அவ்வளவுதான், மறுபடியும் தண்ணியிலேயே விட்டுடுறார். கமென்ட்ல நம்ம ஆளுங்க, ஒரு சட்டிக் குழம்பு போச்சேன்னு புலம்பிட்டு இருப்பாங்க.

அவர் மீனை விட்டதுக்கு நல்ல மனசு மட்டும் காரணம் இல்லை. பல நேரங்களில் அது சட்டம். எந்த மாசத்தில் பிடிக்கலாம், எந்த மீனை எந்த நீளம் வரைக்கும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம், ஈயக்குண்டு எவ்வளவு எடை இருக்கலாம்னு அங்கே எல்லாத்துக்கும் விதி உண்டு. ஞாயிற்றுக்கிழமை சும்மா ரெண்டு மணி நேரம் ஆற்றங்கரையில் உட்காரலாம்னு நினைக்கிற சாதாரண ஆளுக்கு இது ரொம்ப ஓவராகிடுச்சா? அங்கே தூண்டில் போடுறவங்க மத்தியில் இந்தப் புலம்பல் அடிக்கடி கேட்கும்.

இதுக்குப் பதில் தேடணும்னா ஒருத்தரோட வாழ்க்கையைத் தெரிஞ்சுக்கணும். தூண்டில்காரர்கள் குலசாமி மாதிரி கொண்டாடுற ஐசக் வால்டன். மீன்பிடித்தலை அமைதியான, எளிமையான, யாருக்கும் தொந்தரவில்லாத பொழுதுபோக்கா உலகத்துக்குக் காட்டினவர். விதிகளைப் பார்த்து எரிச்சலாகிறவங்க, வால்டன் காலம் எவ்வளவு நிம்மதியா இருந்திருக்கும்னு ஏங்குவாங்க. ஆனா அந்தக் காலமும் நிம்மதியா இல்லை. அந்த மனுஷனும் விதி வேண்டாம்னு சொன்னவர் இல்லை.

ஸ்டாஃபோர்டில் இருந்து ஃப்ளீட் தெருவுக்கு

1593-இல் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஸ்டாஃபோர்ட் நகரில் பிறந்தார் வால்டன். ஷேக்ஸ்பியர் நாடகம் எழுதிக்கிட்டு இருந்த காலம். வால்டனுக்கு மூணு வயசு இருக்கும்போதே அப்பா இறந்துட்டார். பெரிய படிப்பு, பல்கலைக்கழகம் எதுவும் கிடையாது. பையன் லண்டனுக்கு வந்து ஒரு உறவினரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். துணி வியாபாரம்.

1618-இல் இரும்பு வியாபாரிகள் சங்கத்தில் உறுப்பினரானார். துணி விற்கிறவருக்கு இரும்புச் சங்கத்தில் என்ன வேலைன்னு கேட்கிறீங்களா? அந்தக் காலத்து லண்டனில் சொந்தமா வியாபாரம் செய்யணும்னா ஏதாவது ஒரு தொழில் சங்கத்தில் உறுப்பினர் ஆகியே தீரணும். சங்கத்தின் பெயரும் செய்யும் தொழிலும் ஒண்ணா இருக்கணும்னு அவசியம் இல்லை. விதிகளும் அதன் விசித்திரங்களும் வால்டனுக்கு இளவயசிலேயே பழக்கம்னு வெச்சுக்கோங்க.

ஃப்ளீட் தெரு பக்கம் கடை போட்டார். அந்தப் பகுதி தேவாலயத்தின் பாதிரியாராக 1624-இல் வந்தவர் ஜான் டன். ஆங்கில இலக்கியம் படிச்சவங்களுக்கு இந்தப் பெயர் தெரியும், பெரிய கவிஞர். பல்கலைக்கழகம் பார்க்காத ஜவுளிக்கடைக்காரரும் அந்தக் கவிஞரும் நண்பர்கள் ஆனாங்க. டன் இறந்த பிறகு அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினதே வால்டன்தான். 1640-இல் அது வெளியானது.

கடையைச் சாத்திட்டு நேரம் கிடைக்கும்போதெல்லாம் அவர் போனது லீ ஆற்றங்கரைக்கு. லண்டனுக்கு வடக்கே இருந்து வந்து தேம்ஸில் சேரும் ஆறு இது. 2012 ஒலிம்பிக்ஸ் நடந்த பூங்கா இருக்கே, அது இந்த லீ ஆற்றின் கரையில்தான் இருக்கு. வால்டன் காலத்தில் அந்தக் கரையெல்லாம் புல்வெளியும் கிராமங்களும்.

சிரிச்ச முகத்துக்குப் பின்னாடி

வால்டனின் புத்தகத்தைப் படிக்கிறவங்க, கவலையே இல்லாத மனுஷன்னு நினைச்சுடுவாங்க. நிஜம் வேற.

1626-இல் ரேச்சல் ஃப்ளட் என்பவரைத் திருமணம் செய்தார். ஏழு குழந்தைகள் பிறந்தாங்க. ஏழு பேருமே சின்ன வயசிலேயே இறந்துட்டாங்க. 1640-இல் ரேச்சலும் போயிட்டார். எதையாவது எழுதணும்னு நினைச்சா ஒப்பாரியைத்தான் எழுதியிருக்கணும், அப்படி ஒரு வாழ்க்கை.

வீட்டுக்குள்ள இப்படின்னா, வெளியில் நாடே ரெண்டா உடைஞ்சது. 1642-இல் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர். நாடக அரங்குகளை மூடினாங்க. கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்துக்கே தடை வந்தது. 1649-இல் மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டினாங்க. வால்டன் மன்னர் பக்கம் நின்றவர். அவருடைய பாதிரியார் நண்பர்கள் பலர் பதவி இழந்தாங்க.

இதுக்கு நடுவில் ஒரு சினிமா காட்சி மாதிரி சம்பவம் உண்டு. 1651 செப்டம்பரில் வூஸ்டர் போரில் இளவரசர் தரப்பு தோற்றது. பின்னாளில் இரண்டாம் சார்லஸ் ஆன அந்த இளவரசர் தப்பி ஓடினார். அவருடைய பதக்க நகை ஒன்று ஸ்டாஃபோர்டுஷையரில் ஒளித்து வைக்கப்பட்டு, கை மாறி வால்டனிடம் வந்தது. பிடிபட்டால் கதை முடிஞ்சது. 58 வயசு வியாபாரி அந்த நகையை லண்டனுக்குக் கொண்டுபோய், டவர் சிறையில் இருந்த கர்னலிடம் சேர்த்தார். அந்தக் கர்னல் சிறையில் இருந்து தப்பி, நகையை உரியவரிடம் ஒப்படைத்தார். ஆற்றங்கரையில் தக்கையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கும் சாதுவான மனுஷன் செய்த வேலை இது!

வால்டனுக்கு ஆறு பொழுதுபோக்கு மட்டும் இல்லைன்னு இப்போ புரியுதா? மனுஷங்க போட்ட சட்டங்கள் நாலு பக்கமும் கழுத்தை நெரிச்ச காலத்தில், மூச்சு விட ஒரு இடம்.

18 பென்ஸ் புத்தகம்

1653 மே மாதம், லண்டனில் ஒரு சின்னப் புத்தகம் விற்பனைக்கு வந்தது. விலை 18 பென்ஸ். அட்டைப் பக்கத்தில் எழுதியவர் பெயர்கூட இல்லை. 'தி கம்ப்ளீட் ஆங்லர்', அதாவது முழுமையான தூண்டில்காரர். வால்டனுக்கு அப்போ வயசு 60-ஐ நெருங்கிவிட்டது. அதுக்கு முந்தைய மாதம்தான் கிராம்வெல் நாடாளுமன்றத்தையே கலைச்சிருந்தார். நாடு அப்படி ஒரு கொதிநிலையில் இருக்கும்போது, இவர் மண்புழுவை முள்ளில் எப்படிக் கோர்க்கணும்னு புத்தகம் போடுகிறார்.

ஆனா அது வெறும் செய்முறைக் கையேடு இல்லை. ஒரு மே மாதக் காலையில் லண்டனின் வடக்கே நடந்துபோகும் வழிப்போக்கர்களின் பேச்சாகப் புத்தகம் ஓடுகிறது. ஒருத்தர் தூண்டில்காரர். இன்னொருத்தர் அவரிடம் தொழில் கற்றுக்கொள்கிறார். நடக்கிறாங்க, மீன் பிடிக்கிறாங்க, மழைக்கு மரத்தடியில் ஒதுங்குறாங்க, சத்திரத்தில் சாப்பிடுறாங்க. பிடிச்ச மீனைப் பால் கறக்கும் பெண்ணுக்குக் கொடுத்துட்டு, பதிலுக்குப் பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்கிறாங்க. இன்னிக்கு யூடியூப்ல ஒரு அண்ணன் கூடவே கூட்டிட்டுப் போய்ச் சொல்லித் தருவார் இல்லையா, கிட்டத்தட்ட அதே பாணி.

எல்லாமே சரின்னு சொல்ல முடியாது. விலாங்கு மீன் பனித்துளியில் இருந்து பிறக்கலாம்னு நம்பின காலம் அது. வால்டனும் அந்த மாதிரி விஷயங்களை எழுதி வெச்சார். ஆனா இன்னொரு பக்கம், குட்டி சால்மன்களின் வாலில் ரிப்பன் கட்டி விட்டு, கடலுக்குப் போனது அதே இடத்துக்குத் திரும்புதான்னு பார்த்த சோதனையையும் பதிவு பண்ணியிருக்கார். இன்றைக்கு விஞ்ஞானிகள் மீனுக்கு அடையாளக் குறி பொருத்தி ஆராய்வதற்கு அந்த ரிப்பன்தான் கொள்ளுத் தாத்தா.

தனக்குத் தெரியாததை அடுத்தவர்கிட்ட கேட்கவும் அவர் கூச்சப்படலை. செயற்கைப் பூச்சி கட்டி டிரவுட் மீன் பிடிக்கும் கலையில் தாமஸ் பார்க்கர் என்ற சமையல்காரரிடம் இருந்து எடுத்துக்கொண்டதை வெளிப்படையா ஒப்புக்கொண்டார்.

இன்னிக்கு வந்தா ஃபைன் கட்டணும்!

இப்போ ஒரு கற்பனை. வால்டனை 1653-இல் இருந்து அப்படியே தூக்கி இன்றைய லீ ஆற்றங்கரையில் உட்கார வைப்போம். என்ன ஆகும்?

முதலில் லைசென்ஸ். இங்கிலாந்தில் நன்னீரில் தூண்டில் போட 13 வயசு முதல் உரிமம் வேணும். 16 வயசு வரைக்கும் இலவசம், ஆனா எடுத்தே ஆகணும். இல்லாம மாட்டினா 2,500 பவுண்ட் வரைக்கும் அபராதம். வால்டனிடம் உரிமம் இல்லை. ஸ்டார்ட்டிங்லேயே மாட்டிட்டார்.

அடுத்து காலம். அவர் கதை நடப்பது மே மாதம். கதையில் சப் என்ற மீனைப் பிடிக்கிறாங்க. இன்றைய சட்டப்படி அந்த வகை மீன்களுக்கு மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் தடைக்காலம். உலகத்தின் மிகப் பிரபலமான மீன்பிடிப் புத்தகத்தில் வரும் மீன்பிடியே இன்னிக்குச் சட்டவிரோதம்!

பைக் என்று ஒரு மீன். ரெண்டு சக்கர வண்டி இல்லைங்க, கூர்ப்பல் வெச்ச வேட்டை மீன். அதைச் சமைக்க வால்டன் கொடுத்த குறிப்பு பிரபலம். வயிற்றுக்குள் மூலிகை, ஊறவைத்த சிப்பி, நெத்திலி மாதிரியான சின்ன மீன், பவுண்ட் கணக்கில் வெண்ணெய் எல்லாம் வைத்துச் சுடணும். இன்றைக்கு ஆற்றில் பிடிச்ச பைக்கை எடுத்துட்டுப் போகணும்னா ஒரு நாளைக்கு ஒண்ணுதான், அதுவும் 65 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. விலாங்குக்கும் சமையல் குறிப்பு கொடுத்திருக்கார். இப்போ தூண்டிலில் சிக்கும் விலாங்கு ஒவ்வொன்றையும் உயிரோட திருப்பி விடணும்.

ஈயக்குண்டுக்கும் கதை உண்டு. நரம்பு தண்ணிக்குள் இறங்க வால்டன் ஈயம் கட்டினார். 1987 முதல் 0.06 கிராமுக்கு மேல், 28.35 கிராம் வரைக்குமான ஈயக்குண்டுகளுக்குத் தடை. ஏன் இந்த விசித்திரமான எண்கள்? ஆற்றடியில் கிடந்த சின்ன ஈயக்குண்டுகளை, இரை அரைக்க உதவும் கூழாங்கல்னு நினைச்சு அன்னப்பறவைகள் விழுங்கி, ஈய விஷத்தால் செத்துப்போச்சு. அதான் காரணம்.

இன்னொண்ணு. பெரிய மீன் மாட்டி நரம்பு அறுந்துபோற நிலை வந்தா, கம்பையே தண்ணியில் வீசிட்டு, மீன் களைச்ச பிறகு எடுத்துக்கலாம்னு வால்டன் யோசனை சொன்னார். கம்பு எப்பவும் கட்டுப்பாட்டில் இருக்கணும்னு இப்போ விதி. அதையும் மீறியாச்சு.

ஆக, தூண்டில்காரர்களின் குலசாமி ஒரே வாரத்தில் அரை டஜன் கேஸில் உள்ளே! இதைப் படிச்சதும் பாருங்க, நாங்க சொல்லலையா, விதிகள் எல்லை மீறிப் போச்சுன்னு சிலர் கிளம்புவாங்க. கொஞ்சம் பொறுங்க.

விதி போதாதுன்னு கோபப்பட்டவர்

வால்டனின் அதே புத்தகத்தில், அதிகமா யாரும் பேசாத ஒரு பகுதி இருக்கு. மீன் முட்டையிடும் மாதங்களில் பிடிக்காமல் விடும் வழக்கத்தைப் பற்றியது. அவருடைய தூண்டில்காரர் பாத்திரம் அங்கே கடுப்பாகிறார். முதலாம் எட்வர்ட், இரண்டாம் ரிச்சர்ட் மன்னர்கள் காலத்திலேயே சட்டம் போட்டாச்சு, ஆனா யாரும் மதிக்கிறதில்லை, இப்படியே போனா ஆறுகள் காலியாகிடும்னு எச்சரிக்கிறார். பொது வேலைன்னு வந்துட்டா, அடுத்தவன் பார்த்துப்பான்னு ஆளாளுக்கு விட்டுடுறாங்க, ஆற்றைக் காவல் காக்க வேண்டியவங்களும் அப்படித்தான் இருக்காங்கங்கிறது அவர் ஆதங்கம்.

அந்த எட்வர்ட் காலச் சட்டம் 1285-ஐச் சேர்ந்தது. ஹம்பர், ட்ரென்ட் போன்ற ஆறுகளில் செப்டம்பர் 8 முதல் நவம்பர் 11 வரை சால்மன் பிடிக்கக் கூடாது. குட்டி சால்மனை ஏப்ரல் நடுவில் இருந்து ஜூன் 24 வரை தொடக் கூடாது. முதல் தடவை மீறினா வலையை எரிச்சுடுவாங்க. ரெண்டாவது தடவை மூணு மாசம் சிறை. மூணாவது தடவை ஒரு வருஷம். அதாவது, விதியே இல்லாத பொற்காலம்னு ஒண்ணு இங்கிலாந்து ஆறுகளில் வால்டனுக்கு 350 வருஷம் முன்னாடியும் இருந்ததில்லை. யார் நிலத்தில் ஆறு ஓடுதோ அவங்க அனுமதி இல்லாம தூண்டில் போட முடியாதுங்கிறதும் பழைய சட்டம்தான்.

அவர்கிட்ட ஒரு முரண் இருக்கு, அதையும் சொல்லணும். பெரும்பாலான ஆறுகளில் மார்ச், ஏப்ரல், மே மாதங்கள்தான் தடைக்காலம்னு சொன்ன அவர், கதையை மே மாதத்தில் நடத்துகிறார். அடுத்தவங்களுக்கான விதி நியாயமாகவும், நமக்கான விதி தொல்லையாகவும் தெரியறது அன்னிக்கும் இருந்திருக்கு!

ஆனாலும் யோசிச்சுப் பாருங்க. நாடகத்துக்குத் தடை, பண்டிகைக்குத் தடை, நினைச்சதைப் பேசப் பயம்னு சட்டத்தால் நொந்துபோன ஒரு மனுஷன். ஆற்றங்கரையையாவது எங்க இஷ்டத்துக்கு விடுங்கப்பான்னு கேட்டிருந்தா யாரும் தப்பு சொல்ல மாட்டோம். அவரோ அங்கே மட்டும் இருக்கிற விதியை ஒழுங்கா நடத்துங்கன்னு கேட்டார். மனுஷனை அடக்கப் போடுற விதி வேற, மீன் பிழைக்கப் போடுற விதி வேறன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது.

எச்சரிக்கை பலிச்சது

வால்டன் ஆற்று மீன்களின் ராஜான்னு கொண்டாடின சால்மன், தேம்ஸ் ஆற்றில் 1830-களோட இல்லாமலே போச்சு. அணைக்கட்டுகளும் சாக்கடையும் சேர்ந்து முடிச்சுட்டாங்க. 2023 டிசம்பரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், பிரிட்டனின் அட்லான்டிக் சால்மனை அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பிய விலாங்கின் நிலை அதைவிட மோசம். அவர் சமையல் குறிப்பு எழுதின மீனை இன்னிக்குத் தொடக் கூடாதுன்னு சட்டம் இருக்குன்னா, காரணம் அதிகாரிகளின் பிடிவாதம் இல்லை. ஆற்றில் மீன் இல்லை.

இன்னொரு ஆச்சரியம். அந்த மார்ச் 15 முதல் ஜூன் 15 வரையான தடைக்காலம், 1878 சட்டத்தில் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஷெஃபீல்ட் நகரத்து எம்.பி. முண்டெல்லா. ஷெஃபீல்ட் எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? கத்தி, கரண்டி செய்யும் பட்டறைகளில் வேலை பார்த்த தொழிலாளர்களின் ஊர். வாரம் முழுக்கப் புகையில் வேலை செஞ்சுட்டு, ஒரு நாள் தூண்டிலோட ரயில் ஏறினவங்க. எங்களுக்கு மீன் மிச்சம் இருக்கணும்னா முட்டையிடும் காலத்தில் யாரும் பிடிக்கக் கூடாதுன்னு அழுத்தம் கொடுத்தது இந்த மாதிரி தூண்டில்காரர்களின் சங்கங்கள்தான். சாதாரண ஆளுக்கு எதிரான விதின்னு இன்னிக்குப் பேசுறோம். சாதாரண ஆள் கேட்டு வாங்கின விதி அது.

அப்போ குழப்பமே இல்லையா?

இருக்கு. அதை மறைக்கக் கூடாது.

அந்தத் தடைக்காலத்தையே எடுத்துக்கோங்க. 1995-இல் பெரும்பாலான குளம், ஏரிகளுக்கு அதை எடுத்துட்டாங்க. 2000-இல் பெரும்பாலான கால்வாய்களுக்கும் எடுத்துட்டாங்க. ஆறுகளுக்கு மட்டும் அப்படியே இருக்கு. விலக்கு கிடைச்ச குளம், கால்வாய்களிலும், பாதுகாக்கப்பட்ட இடமா இருந்தா வேற விதி. ஒரே ஏப்ரல் மாதம், ஒரே ஊர், ஒரே சப் மீன். கால்வாயில் பிடிச்சா ஓகே, பக்கத்து ஆற்றில் பிடிச்சா குற்றம். டிரவுட், சால்மன் தடைக்காலங்கள் பகுதிக்குப் பகுதி மாறும். ஸ்காட்லாந்தில் தூண்டில் உரிமமே கிடையாது. ஆனா எல்லையில் ஓடும் பார்டர் எஸ்க் ஆற்றில் மட்டும், ஸ்காட்லாந்துப் பக்கம் நின்னாலும் இங்கிலாந்து உரிமம் வேணும். உரிமம் எடுத்துட்டா போதும்னு நினைச்சா, அந்த ஆற்றுப் பகுதியை வெச்சிருக்கும் கிளப்பின் அனுமதிச் சீட்டு தனி. அந்த கிளப்புக்கு எந்த இரை, எந்த முள்ளுன்னு அதன் சொந்த விதிகள் தனி.

பல வருஷமா தூண்டில் போடுறவருக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. முதல் தடவை கம்பு வாங்கின 15 வயசுப் பையனுக்கோ, வேலை தேடி அந்த ஊருக்குப் புதுசா வந்தவருக்கோ? அவங்க தப்பு பண்ணணும்னு நினைச்சு வர்றதில்லை. எங்க தப்பு பண்ணிடுவோமோன்னு பயந்து வராமலே போயிடுறாங்க. இழப்பு அவங்களுக்கு மட்டும் இல்லை. இங்கிலாந்து ஆறுகளில் சாக்கடை கலக்கும்போதும், மீன் செத்து மிதக்கும்போதும் முதலில் பார்க்கிறது கரையில் உட்கார்ந்திருக்கும் தூண்டில்காரர்தான். ஆற்றுத் தண்ணியை எடுத்துச் சோதனை பண்ற தன்னார்வலர்களில் அவங்க நிறைய பேர். அவங்களை விரட்டினா, ஆறு தன் கண்களை இழக்கும்.

எளிமையாக்கவே முடியாதுன்னும் இல்லை. முன்னாடி ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி உரிமம் எடுக்கணும். 1992-இல் அதெல்லாம் போய் ஒரே உரிமமா மாறிச்சு. இப்போ ஃபோன்லயே வாங்கிடலாம். ஒரு நாள், எட்டு நாள், ஒரு வருஷம்னு மூணு வகை. மீன் காப்பாத்தப்படுறதில் எந்தக் குறையும் வரலை. பேப்பர் வேலை மட்டும் குறைஞ்சது.

அப்போ வெட்ட வேண்டியது எதுன்னு தெரியுது இல்லையா? முட்டையிடும் காலம், நீள அளவு, ஈயம் மாதிரி மீனுக்காகவும் பறவைக்காகவும் இருக்கும் விதிகளில் கை வைக்கக் கூடாது. எந்த இடத்தில் எந்த விதின்னு ஆளை அலைய விடும் சிக்கலைத்தான் குறைக்கணும். மிச்ச விதிகளுக்குக் காரணத்தைச் சொல்லணும். 28.35 கிராம்னு மட்டும் சொன்னா எரிச்சல் வரும். அன்னப்பறவை செத்த கதையைச் சேர்த்துச் சொன்னா, ஒருத்தரும் அந்த ஈயத்தை வாங்க மாட்டாங்க.

கடைசி வரைக்கும் ஆற்றங்கரை

இந்த வேலையைத்தான் வால்டன் வாழ்நாள் முழுக்கச் செய்தார். உத்தரவு போடாம, கூட நடந்து சொல்லித் தந்தார். 13 அத்தியாயத்தில் தொடங்கின புத்தகத்தை விடாமல் திருத்தி, சேர்த்து, 21 அத்தியாயமாக்கினார். அவர் உயிரோட இருக்கும்போதே 1655, 1661, 1668, 1676-னு நாலு மறுபதிப்புகள் வந்தன.

இரண்டாவது மனைவி ஆன் கென், 1662-இல் இறந்தார். அப்புறம் தன் நண்பரான பிஷப் மார்லியின் இல்லத்தில் தங்கினார். 37 வயசு சின்னவரான சார்லஸ் காட்டன் அவருக்கு ஆற்றங்கரை நண்பர். கடன்காரர், கவிஞர், ஜாலியான ஆள். டவ் ஆற்றங்கரையில் 1674-இல் காட்டன் ஒரு சின்ன மீன்பிடி வீடு கட்டி, வாசலுக்கு மேலே ரெண்டு பேர் பெயரின் முதல் எழுத்துகளையும் பின்னிப் பிணைஞ்சு செதுக்கினார். 1676 பதிப்பில் செயற்கைப் பூச்சி மீன்பிடி பற்றின பகுதியை எழுதினவரும் காட்டன்தான். 80 வயசைத் தாண்டின பிறகும், தன்னைவிட நல்லா தெரிஞ்ச ஒரு சின்னவருக்குத் தன் புத்தகத்தில் இடம் கொடுக்க வால்டனுக்கு மனசு இருந்தது.

90-வது பிறந்தநாளில் உயில் எழுதினார். 1683 டிசம்பர் 15, கடும் பனிக்காலம், வின்செஸ்டரில் காலமானார். ஸ்டாஃபோர்ட் பக்கத்தில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. மகன் திருமணம் செய்துகொள்ளாவிட்டால் அது ஊருக்குச் சேரணும்னு உயில். மகன் திருமணம் செய்துகொள்ளவில்லை. பண்ணை வருமானத்தில் ஏழை வீட்டுப் பையன்கள் ரெண்டு பேருக்குத் தொழில் பயிற்சி, ஒரு ஏழைப் பெண்ணுக்குத் திருமண உதவி, மிச்சத்தில் குளிர்காலத்தில் ஏழைகளுக்கு நிலக்கரி. அப்பா இல்லாம தொழில் கத்துக்க லண்டன் வந்த அந்தப் பையனை அவர் மறக்கலை. உயிலும் ஒரு விதிப் பட்டியல்தான். ஆனா ஒவ்வொரு வரியிலும் அது யாருக்காகன்னு தெளிவா இருந்தது.

வின்செஸ்டர் பேராலயத்தில் அவரை அடக்கம் செய்த சிற்றாலயத்தில், 1914-இல் தூண்டில்காரர்கள் காசு போட்டு வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்று வெச்சாங்க. அதன் ஒரு மூலையில், இட்சென் ஆற்றங்கரையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறார் வால்டன். பக்கத்தில் தூண்டில் சும்மா கிடக்கு. பேராலயத்தில் இருந்து கொஞ்ச தூரம் நடந்தா நிஜ இட்சென் ஆறு, கண்ணாடி மாதிரித் தண்ணீரோட இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. அதில் சால்மன் இன்னும் வருது, குறைவா. அங்கே தூண்டில் போடணும்னா உரிமம், அனுமதிச் சீட்டு, தடைக்கால அட்டவணை மூணையும் சரிபார்த்துட்டுத்தான் போகணும். அந்த மூணையும் ஒரே பக்கத்தில், புரியிற மொழியில், காரணத்தோட எழுதிக் கொடுக்க ஒரு ஆள் வேணும். ஜவுளிக்கடையைச் சாத்திட்டு வந்து அந்த வேலையைப் பார்க்க, வால்டன் இப்போ இல்லை.